தாசில்தாரின் கழுத்துக் கயிறு

இந்த ஸ்கேன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மிஷினைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், அட்டையில் டீ டம்ளர் வைத்த வட்டத்தோடு கிடக்கும். எந்த பட்டன் எதற்கு என்று அது சொல்லும். அடுத்த மாதம் நான் சித்தூர்க் கிளைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், போவதற்கு முன்னால் ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணா என்று கேட்டீர்கள். ரிடையர் ஆகிற டாக்டர்கள் இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும் நாயின் தலைக்குள் பார்த்துச் சொல்கிற இந்த வேலையில், ஒரே ஒரு நாள் மற்ற நாட்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதை மட்டும் எழுதுகிறேன்.

நம்மிடம் வருகிறவர்கள் வாசலிலேயே 'கட்டி' என்ற சொல்லோடுதான் வருவார்கள். வயதான நாய் திடீரென்று கோணலாக நடக்கும், சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும், பிட்ஸ் வரும். ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, மூளையில் கட்டியாக இருக்கலாம், திருப்பதிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள் என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. பல தடவை அது கட்டியாகத்தான் இருக்கும். ஸ்கேனில் பளிச்சென்று காட்டும் மருந்தை ஏற்றியதும் மண்டையின் உட்சுவரை ஒட்டி பல்பு போட்ட மாதிரி சில கட்டிகள் எரியும். அதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. வெளியே வந்து சொல்வதுதான் கஷ்டம். ஆனால் நான் சொல்லப் போவது கண்டுபிடிக்கவும் முடியாமல், சொல்லவும் ஆள் இல்லாமல் தவித்த ஒரு நாளைப் பற்றி.

தாசில்தார் என்பது நாயின் பெயர். சித்தூர் பக்கம் ஒரு மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியின் கேட்டில் வாட்ச்மேனாக இருக்கும் முனிரத்தினம் வளர்க்கும் நாய். லேப்ரடாரும் தெருநாயும் கலந்த உடம்பு, கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"யாரு வந்தாலும் எழுந்திரிக்க மாட்டான் சார். ரெண்டு வாட்டி கூப்ட்டா ஒரு கண்ண மட்டும் தொறப்பான். அதான்" என்றார்.

உங்களில் யாருக்காவது மாமா சித்தப்பா அந்த ஆபீஸில் இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெயர் நான் வைத்ததில்லை.

சீசனில் அந்த ஃபேக்டரியில் மாம்பழத் தோலையும் மிச்சக் கூழையும் பின்பக்கம் ஒரு பள்ளத்தில் கொட்டுவார்களாம். வெயிலில் அது புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும். தாசில்தார் அதில் காது வரை தலையை முக்கித் தின்பான். தின்ற பிறகு நாலு காலும் நாலு பக்கம் போகும். லோடு இறக்குகிற ஆட்களுக்கு அதுதான் மத்தியான வேடிக்கை. தாசில்தார் டூட்டி முடித்துவிட்டு வருகிறார், வழி விடுங்கள் என்பார்களாம். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடுவான். வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

இந்த வருஷம் சீசன் முடிந்து, பாய்லர் அணைந்து, பள்ளமும் காய்ந்துவிட்டது. தாசில்தார் மட்டும் தள்ளாடுவதை நிறுத்தவில்லை. எங்கேயோ ஸ்டாக் வைத்திருக்கிறான் என்று ஆட்கள் சிரித்தார்கள். முனிரத்தினமும் முதலில் சிரித்திருக்கிறார். பிறகு ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டியில் குனிந்தவன் இடது பக்கமாகச் சரிந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வாந்தி எடுத்திருக்கிறான். அதிலிருந்து தலை இடது பக்கம் சாய்ந்தே இருந்தது. சித்தூர் டாக்டர் நன்றாகத்தான் பார்த்திருந்தார். காதைப் பார்த்தார், வெளியே சுத்தமாக இருந்தது, முனிரத்தினம் தினமும் துணியால் துடைத்துவிடுகிறவர். காலைச் சோதித்தார், இடது பின்னங்காலை மடக்கி வைத்தால் நேராக்கிக்கொள்ள நேரமாயிற்று. கால் எங்கே இருக்கிறது என்று தலைக்குத் தெரியவில்லை என்றால், தலையைத்தானே சந்தேகப்பட வேண்டும்? நானும் சோதித்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மயக்கம் கொடுப்பதற்கு முன் முனிரத்தினத்தை உட்கார வைத்துப் பேசினேன். மூளையின் பின்பக்கம் சந்தேகம் என்றும், அந்த இடத்தில் பெரிய கட்டியாக இருந்தால் நம்மால் ஆபரேஷன் செய்ய முடியாது என்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் நாயின் காதையே தடவிக்கொண்டிருந்தார்.

"கட்டி இருந்துச்சின்னா அவன எழுப்பாதீங்க சார்."

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "முழிச்சிக்கினு என் மூஞ்சியப் பாப்பான். ஒன்னும் இல்லடான்னு நான் சொல்லணும். அவங்கிட்ட பொய் சொல்லிப் பழக்கமில்ல."

அதையும் எழுதி வாங்கிக்கொண்டோம். கட்டி என்று உறுதியானால் எழுப்ப வேண்டாம் என்று. இந்த இடத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் திரையில் நான் பார்த்துச் சொல்கிற ஒரு வார்த்தையில் அந்த நாய் முழிக்கிறதா இல்லையா என்பது நின்றது.

அடுத்து கயிறு. தாசில்தார் கழுத்தில் திருமலையிலிருந்து கொண்டுவந்த கயிறு ஒன்று, அதில் சுவாமி டாலர். ஸ்கேனுக்கு உலோகம் ஆகாது, கழற்றித் தருகிறீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர் ஒரு கதை சொன்னார். போன வருஷம் கேட்டில் ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று இவனைத் தட்டிவிட்டது. பிழைத்தால் அலிபிரி அடிவாரத்திலிருந்து மலைக்கு நடந்தே வந்து முடி கொடுக்கிறேன் என்று மொக்கு வைத்து, அதாவது வேண்டிக்கொண்டு, இந்தக் கயிற்றைக் கட்டினார். நாய் பிழைத்தது. அவருக்கு லீவுதான் கிடைக்கவில்லை. மொக்கு தீருகிற வரைக்கும் கயிறு கழுத்தை விட்டுப் போகக் கூடாது. இன்றைக்கு நீங்கள் உள்ளே பாருங்கள், நான் போய் அதைத் தீர்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். இங்கே உட்கார்ந்திருக்க அவரால் முடியாது என்பது எனக்குப் புரிந்தது.

நாய் நிற்கும்போது கயிறு கழுத்தின் நடுவில் தொங்கியது. தலைக்கு எட்டத்தில்தானே இருக்கிறது, பரவாயில்லை என்று விட்டோம். திருப்பதியில் வேலை செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். வேறு ஊராக இருந்தால் கேட்காமலே கத்தரித்திருப்பார்கள்.

மயக்கம் கொடுத்தது நம்ம மேடம்தான். நீங்கள் இன்னும் அவரிடம் திட்டு வாங்கவில்லை என்றால் சீக்கிரம் வாங்குவீர்கள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், ஆனால் மயக்கத்தில் இருக்கிற நாயைத் தவிர மற்ற எல்லோரையும் அதட்டுவார். வயதான நாய், இதயத்தில் லேசாக முனகல் சத்தம் கேட்கிறது, ஒரே தடவைதான் மயக்கம் கொடுப்பேன், படம் சரியில்லை என்று நாளைக்கு வந்து நிற்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் படங்கள் வந்தன. மூளையின் முன்பக்கம் சுத்தம். பின்பக்கம் வந்ததும் திரை முழுக்க வெள்ளை ஈட்டிகள். டாலர்தான். மேஜையில் படுக்க வைத்துக் கழுத்தை நீட்டியதும், மடிப்புத் தோல் முன்னால் ஏறி, கயிறு நேராகக் காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. நமக்கு எந்த இடம் வேண்டுமோ அந்த இடத்தைத்தான் அது கிழித்துப் போட்டிருந்தது. ஈட்டிகளுக்கு நடுவில், இடது பக்கம், ஒரு சாம்பல் திட்டு.

டெக்னீஷியன் சீனு என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "உந்தி கதா சார்" என்றான், இருக்கிறது இல்லையா சார் என்று.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரியில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் பவர்லூமில் வேலை. எங்கள் சந்தில் யாருக்கு ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கொடுத்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அவர்கள் காகிதத்தைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் என்ன படித்தேனோ அதுதான் அதில் எழுதியிருந்தது. படிக்கிறவன் தப்பாகப் படித்தால் திருத்த அங்கே வேறு ஆள் கிடையாது. டாக்டராகி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் அது மாறவில்லை. அன்றைக்கு சீனுவும் மேடமும் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாமே பொருந்தித்தான் வந்தது. வயது, சாய்ந்த தலை, காலின் சோதனை, சாம்பல் திட்டு. எழுப்ப வேண்டாம் என்ற அனுமதியும் கையில் இருந்தது. பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அனுமதி கையில் இருக்கும்போது கண்ணுக்கு அவசரம் வந்துவிடுகிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் திட்டை நான் திட்டு என்றே சொல்லியிருக்க மாட்டேன். டாலர் கெடுத்த படம், அவ்வளவுதான் என்று தள்ளியிருப்பேன்.

"தெரியல" என்றேன் கடைசியில்.

"தெரியலன்னா?" என்றார் மேடம்.

"இத வெச்சி சொல்ல முடியாது மேடம். திரும்ப எடுக்கணும்."

சீனு கயிற்றைப் பின்னால் இழுத்துப் பார்த்தான். கீழே கழுத்து தடிமன், விட்டதும் மறுபடி காதுக்கே வந்தது. இன்னும் பலமாக இழுத்தபோது, மூச்சுக்குழாய் நசுங்கும் என்று மேடம் அவன் கையில் ஒன்று போட்டார். டாலரை மேலே திருப்பினாலும் கீழே திருப்பினாலும் ஈட்டி இடம் மாறியதே தவிரப் போகவில்லை. முடிச்சை அவிழ்க்கலாம் என்றால், ஒரு வருஷம் மழையிலும் எச்சிலிலும் ஊறி அது கல்லாகிவிட்டிருந்தது.

முனிரத்தினத்துக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். அலிபிரியில் நடக்கிறவர்கள் கீழே கவுன்டரில் பையைக் கொடுத்துவிட்டு, மேலே போய் வாங்கிக்கொள்வார்கள் அல்லவா? அந்தப் பைக்குள் போனைப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் படியில் ஏறிக்கொண்டிருக்க, போன் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

"கத்திரி" என்றேன் சீனுவிடம். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். வேலையை விடச் சொன்னாலும் விடுகிறேன், அதை மட்டும் செய்ய மாட்டேன் என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கத்திரியை நானே எடுத்தேன், எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். அந்த மனுஷன் இந்த நிமிஷம் படியில் ஏறிக்கொண்டிருப்பதே இந்தக் கயிற்றுக்காகத்தான். மொக்கு தீருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நான் அதை அறுத்தால், நாய்க்கு என்ன நடந்தாலும் என்னால் நடந்ததாகத்தான் வாழ்நாள் முழுக்க நினைப்பார். அறுக்காவிட்டால் அந்தச் சாம்பல் திட்டோடு நிற்க வேண்டும். அறுக்கலாமா கூடாதா என்று நானும் சீனுவும் ஆளுக்கு ஒரு பக்கம் பேசிக்கொண்டே போனோம். சாமி மன்னிப்பார் என்றேன் நான். சாமி மன்னிப்பார் சார், முனிரத்தினம் மன்னிப்பாரா என்றான் அவன். தாசில்தாரின் ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்திருந்தது.

மேடம் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். கோபமாகத்தான் கேட்டார்.

"உன் படத்தக் கெடுக்கிறது கயிறா, டாலரா?"

கயிற்றை ஒருவன் தொட மாட்டேன் என்கிறான், ஒருவன் அறுப்பேன் என்கிறான், யாராவது டாலரைப் பற்றிப் பேசினீர்களா என்றார். டாலர் ஒரு சின்ன வளையத்தில்தான் கயிற்றில் மாட்டியிருந்தது. வளையத்தை விரித்தால் டாலர் வந்துவிடும், கயிறு கழுத்திலேயே இருக்கும். நூலுக்கு ஸ்கேனில் ஒரு ஈட்டியும் கிடையாது. இவ்வளவு படித்த எனக்கு, அறுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு வெளியே ஒரு கதவு இருப்பதே தெரியவில்லை. அவசரத்தில் யாரோ ஒரு கேள்வியை நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அதற்குப் பதில் தேடியே நாம் களைத்துப் போகிறோம்.

ஃபோர்செப்ஸால் வளையத்தை நானே விரித்தேன். டாலரை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. ஊசி வைக்கிற டிரேயில் வைக்க சீனு விடவில்லை. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பிரசாதம் வாங்கியவன் மாதிரி வெளியே போனான். எங்கேயோ மரியாதையான இடத்தில் வைத்துவிட்டு வந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது படத்தில் ஈட்டி இல்லை. சாம்பல் திட்டும் இல்லை. மூளையின் பின்பக்கம், கழுவித் துடைத்த தட்டு மாதிரி கிடந்தது. சீனு கை தட்டினான். மேடம், "அப்பாடா, எழுப்பட்டுமா?" என்றார். நானும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். ஏனென்றால் கட்டி இல்லை என்பது சரி, அப்படியானால் நாய் ஏன் விழுகிறது? கெட்ட செய்தியில் அவசரப்படக் கூடாது என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். நல்ல செய்தி வந்தவுடன் எழுந்துவிடுவதும் அதே அவசரம்தான், அதை யாரும் சொல்வதில்லை.

அப்போதுதான் அந்தக் காலின் ஞாபகம் வந்தது. இடது பின்னங்கால். லாரி தட்டியது எந்தக் கால்? முனிரத்தினம் லாரிக் கதையை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அவர் அதை மொக்கின் கதையாகச் சொன்னார், நானும் மொக்கின் கதையாகவே கேட்டுக்கொண்டேன். நோயின் கதையாக என் காதில் அது விழவே இல்லை. இடுப்பைத் தடவிப் பார்த்தேன். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது, அந்தப் பக்கம் தசை வற்றியிருந்தது. கால் மெதுவாக நேரானது மூளையால் அல்ல, லாரியால். அந்த ஒரு காலை எடுத்துவிட்டால் மூளையைச் சந்தேகப்பட என்ன மிச்சம்? தலைச் சாய்வும் தள்ளாட்டமும். அவை இரண்டும் காதுக்குள்ளிருந்தும் வரலாமே.

படத்தை எலும்பு பார்க்கிற வெளிச்சத்துக்கு மாற்றினேன். காதுக்குள்ளே, செவிப்பறைக்குப் பின்னால், ஒரு சின்ன எலும்புக் குடுவை இருக்கும். வலது குடுவை கறுப்பு. உள்ளே வெறும் காற்று, இருக்க வேண்டியபடி. இடது குடுவை நிறையச் சாம்பல். சுவர் தடித்துப் போயிருந்தது. இத்தனை நேரமும் அது எல்லாப் படத்திலும் இருந்திருக்கிறது. மூளையைத் தேடிய கண்ணுக்கு அது ஓரத்தில் கிடந்த எலும்பு, அவ்வளவுதான்.

"காது மேடம்" என்றேன். "நடுக்காதுல சீழ்."

அவர் வந்து பார்த்தார். அங்கிருந்து மூளைக்குள் இறங்கியிருக்கிறதா என்று மருந்து ஏற்றிப் பார்த்துவிட வேண்டும், அப்போதுதான் முனிரத்தினத்திடம் தைரியமாகச் சொல்ல முடியும் என்றேன். மேடம் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், தாசில்தாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை, சீக்கிரம் என்றார். ஏற்றினோம். குடுவையின் சுவர் மட்டும் எரிந்தது. மூளை பேசாமல் இருந்தது.

மயக்கத்தோடேயே செவிப்பறையில் சின்னத் துளை போட்டு, உள்ளே இருந்ததை வெளியே எடுத்துக் கழுவினோம். கெட்டியாக, மஞ்சளாக வந்தது. அதில் மாம்பழ வாசனை அடித்தது என்று சீனு இன்றைக்கும் சத்தியம் செய்வான். நான் அதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை. ஆனால் வருஷா வருஷம் கூழுக்குள் காது வரை முக்கிய தலை அது. வெளியே துடைத்தது சுத்தமாயிற்று, உள்ளே போனது தங்கிவிட்டது. குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான் என்று லோடு ஆட்கள் சிரித்ததில் பாதி உண்மை. குற்றவாளி மாம்பழம்தான், போன வழி மட்டும் வேறு.

தாசில்தார் முழித்துக்கொண்டான். ஒரு கண்ணை மட்டும் திறந்தான். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். டீ வந்தது. நைனா போன் செய்தார். நாய்த் தலைக்குள்ள இன்னிக்கி என்னடா பாத்த என்று வழக்கமாகக் கேட்பார். இன்னிக்கி காது பாத்தேன் நைனா என்றேன். அத்த பாக்க மிஷினு எதுக்குடா, வெளியவே கீதே என்றார். இந்தக் கும்மாளத்தில் ஒரு வேலை எல்லோருக்கும் மறந்துபோயிற்று. முனிரத்தினத்துக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை.

அவர் மேலே போனதும் பையைக்கூட வாங்காமல் நேராக முடி கொடுக்கப் போயிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பை, போன். அதில் வரிசையாக என் பெயர், எல்லாம் மிஸ்டு கால். அவர் திருப்பிக் கூப்பிடவில்லை. தரிசனத்துக்கும் நிற்கவில்லை. பஸ் பிடித்து இறங்கி வந்துவிட்டார்.

ரிசப்ஷனில் நுழைந்ததும் நம்ம எல்லோரையும் போல அவர் கண்ணும் முதலில் சுவரில் இருக்கும் சாமி படத்துக்குத்தான் போனது. அந்தப் படத்தின் ஆணியில், மாலைக்குப் பக்கத்தில், தாசில்தாரின் டாலர் தொங்கிக்கொண்டிருந்தது. சீனு கண்டுபிடித்த மரியாதையான இடம் அதுதான்.

நான் வந்து பார்க்கும்போது முனிரத்தினம் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை, சந்தனம், மடியில் பை. அழவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பார்வை போன இடத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது, கழுத்திலிருந்த டாலர் சுவருக்கு வந்ததால் நாய் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். எனக்கு முன்னால் சீனு ஓடினான்.

"பதிகே உன்னாடு அன்னா" என்றான், அவர் தோளைப் பிடித்து உலுக்கி. அவருக்குத் தெலுங்கும் தமிழும் ஒன்றுதான், ஆனாலும் காதில் ஏறவில்லை. சீனு தமிழில் சொன்னான். "உயிரோட கீறான்ணா. எழுந்து உக்காந்துகினு கீறான்."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். என் முகத்தை. நான் தலையை ஆட்டினேன்.

"கட்டி?"

"இல்ல. காதுல சீழு. எடுத்துட்டோம்."

இத்தனை தடவை கூப்பிட்டேனே, ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். குரல் எனக்கே கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டது.

"கூப்ட்டா சொல்லிடுவீங்க இல்ல சார்" என்றார்.

அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். கூண்டுக்குள் தாசில்தார் அரை மயக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையோடு குனிந்த ஆளைப் பார்த்ததும், எங்கள் ஆஸ்பத்திரியில் அவன் முதல் தடவையாக ஒரு வேலை செய்தான். உறுமினான். பல்லைக் காட்டி, ஒழுங்காக, கேட்டில் நிற்கிற நாய் மாதிரி உறுமினான். முனிரத்தினம் அப்படியே நின்றார். பிறகு அந்தக் கையின் வாசனை மூக்கில் ஏறியிருக்க வேண்டும். உறுமல் பாதியில் நின்று, வால் தரையில் அடிக்க ஆரம்பித்தது.

"எத்தினி வருசமா கேட்ல கீற, ஒருத்தனப் பாத்து கொலச்சதில்ல. என்னப் பாத்து உறுமறியாடா" என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். "வாயில துன்னது போதாதுன்னு காதுலயும் ஊத்திக்கினியா?"

மேடம் பக்கத்து மேஜையில் மருந்து எழுதுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமியைப் பார்க்காமலே வந்துவிட்டீர்களே என்று பிறகு நான் கேட்டதற்கு, அவரு கோச்சிக்க மாட்டாரு, அவருக்கும் தெரியும் எனக்கு லீவு கெடைக்காதுன்னு என்றார். டாலரை சீனுவே எடுத்து வந்து, அதே வளையத்தில் மாட்டி, அதே ஃபோர்செப்ஸால் நெருக்கினான். கயிறு கழுத்தை விட்டு ஒரு நிமிஷமும் போகவில்லை என்பதை அவனே இரண்டு தடவை விளக்கினான். முனிரத்தினம் முடிச்சைத் தொட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்துதான் நம்ம அறையில் ஒரு வழக்கம் வந்தது. கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஸ்கேன் முடிந்து நாய் முழித்ததும், ரிப்போர்ட்டுக்கு முன்னால், டீக்கு முன்னால், கண் திறந்த நாயை போனில் ஒரு படம் எடுத்து சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டும். செய்தி கெட்டதாக இருந்தாலும் அதை நேரில் உட்கார வைத்துச் சொல்லலாம், நாய் முழித்திருக்கிறது என்பது முதலில் போகட்டும். முழிக்காத நாளும் வரும். அன்றைக்கு மிஸ்டு கால் விடாதீர்கள். எடுக்கும் வரை கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் வாசலில் போய் நின்று காத்திருங்கள். எங்கிருந்தோ ஓடி வருகிற ஆள் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.

தாசில்தார் பல வாரம் மருந்து சாப்பிட்டான். தள்ளாட்டம் நின்றுவிட்டது. தலை மட்டும் இடது பக்கம் லேசாகச் சாய்ந்தபடியே நின்றுவிட்டது, அது சில நாய்களுக்கு அப்படித்தான். முனிரத்தினம் அதற்காக வருத்தப்படவில்லை. முன்னெல்லாம் யார் பேச்சையும் கேட்காதவன், இப்போது ஒவ்வொருத்தர் மனுவையும் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கிறான் என்கிறார். பள்ளத்தைச் சுற்றி ஃபேக்டரிக்காரர்கள் தகரம் அடித்துவிட்டார்கள். இருந்தாலும் சீசனில் அவர் நம்பாமல், தாசில்தாரின் காதுகளைச் சேர்த்துத் தலையில் ஒரு துண்டை முண்டாசாகக் கட்டிவிடுகிறாராம். லோடு ஆட்கள் இப்போது மேஸ்திரி என்று கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

நேற்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் வந்தது. நான் சித்தூர் வருவது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"நீங்க வேலையில சேர்ற அன்னிக்கி தாசில்தார கூட்டினு வந்து வாசல்ல நிக்க வெக்கிறேன் சார். மொத போணி எங்குளுதா இருக்கட்டும்."

நல்ல நாயை யாராவது ஆஸ்பத்திரிக்குப் போணி பண்ணக் கூட்டிக்கொண்டு வருவார்களா என்று கேட்டேன்.

"சும்மா பாக்கறதுக்குதான் சார். என்னப் பாத்து உறுமன மாதிரி உங்களப் பாத்து உறுமறானா இல்லியான்னு பாக்கணும்."

"சரி, கூட்டினு வாங்க" என்றேன். "வர்றதுக்கு முன்னாடி காத மட்டும் நல்லா தொடச்சி வுடுங்க. நான் மொதல்ல அத்ததான் பாப்பேன்."